பெரிய கருவியும் பெரிலும்

இந்த வாரம் கருவி வாங்கியே தீருவது என்று டென்சில் ப்ளம்ஸ்டெட் முடிவு செய்துவிட்டார். அதுவும் பெரிய கருவி. கடையிலேயே பெரியது.

காரணம் பக்கத்து வீட்டு ஹொரேஸ். மண்ணுக்குள் உலோகம் கிடந்தால் 'பீப்' என்று கத்துகிற கருவியைத் தூக்கிக்கொண்டு ஞாயிறுதோறும் வயல் வயலாக அலைகிறவர்களுக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பஞ்சமே இல்லை. அப்படி அலைந்த ஹொரேஸ் போன மாதம் ரோமானியர் காலத்து வெண்கல ஊக்கு ஒன்றைத் தோண்டி எடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஊர் பப்பில் அவருக்கென்று ஒரு நாற்காலி. பாதிரியார்கூட அவரிடம் நின்று பேசிவிட்டுத்தான் போகிறார்.

டென்சிலும் அலைந்தவர்தான். ஆனால் அவருக்குக் கிடைத்ததெல்லாம் ஆணி. அவற்றை வைத்து ஒரு மாட்டுக்கொட்டகையே அடித்துவிடலாம். குறை தன்னிடம் இல்லை, தன் ஓட்டைக் கருவியிடம்தான் இருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

"டட்டில் கடைல புதுசா வந்திருக்கு, பெரில். தண்ணிக்குள்ளகூட வேலை செய்யும். உள்ள இருக்கறது வெள்ளியா தகரமான்னு திரைல நம்பர் போட்டுக் காட்டிடும்."

அவர் மனைவி பெரில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை.

"அதே கடைல சின்னது ஒண்ணு இருக்கே. திருப்பறதுக்கு ஒரே ஒரு குமிழ். அது போதாதா?"

"அது குழந்தைங்க வச்சு விளையாடறது!"

"அப்ப உனக்குச் சரியாத்தான் இருக்கும்."

"பெரில், இது விஞ்ஞானம்!"

"அந்த விலைக்கு ரெண்டு பேரும் போர்ச்சுகல் போய்ட்டு வரலாம். அங்க கடல் இருக்கு, வெயில் இருக்கு. இங்க உனக்கு என்ன கிடைக்கும்? ஆணி. அதையும் நம்பர் போட்டுக் காட்டும்."

டென்சில் வாதத்தை அங்கேயே விட்டுவிட்டார். தோற்றுப்போனதாக அர்த்தம் இல்லை. ஓய்வு பெறும்வரை காப்பீடு விற்றவர் அவர். குன்றின் உச்சியில் குடியிருந்தவரிடம் வெள்ளக் காப்பீடு விற்ற மனிதர். வாங்க மறுக்கிறவர்களிடம் வாதாடக் கூடாது, அவர்களாகவே கேட்கும்படி செய்ய வேண்டும் என்பது அவருடைய தொழில் ரகசியம். சொந்த மனைவியிடம் அது பலிக்காமலா போகும்?

டட்டில் கடைக்குப் பின்னால் ஒரு சிறிய மண் பாத்தி உண்டு. வாடிக்கையாளர்கள் கருவியை ஓட்டிப் பார்ப்பதற்காக அதில் பழைய பென்னிக் காசு ஒன்றைப் புதைத்து வைத்திருப்பார் டட்டில். அந்தப் பாத்தி முழுக்கப் பீர் டப்பாக்களைத் திறக்கும் வளையங்களைத் தூவிவிட்டால்? சின்னக் கருவி ஒவ்வொரு வளையத்துக்கும் கத்தும். பெரிய கருவி குப்பையை ஒதுக்கிவிட்டுக் காசை மட்டும் காட்டும். பெரில் தன் கண்ணாலேயே பார்ப்பாள்.

வளையங்களுக்காக வியாழக்கிழமை முழுவதும் பீர் குடிக்க வேண்டியதாயிற்று. லட்சியம் என்று வந்துவிட்டால் உடம்பைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? வெள்ளிக்கிழமை மதியம், டட்டில் யாருக்கோ பேட்டரி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், பின்பக்கமாகப் போய் விதை விதைப்பதுபோல் விதைத்துவிட்டு வந்தார்.

சனிக்கிழமை பெரிலைக் கடைக்கு அழைத்துப் போனார்.

"நான் வாயே திறக்க மாட்டேன். நீயே ஓட்டிப் பாரு, நீயே தேர்ந்தெடு. உன் தேர்வுதான்."

"நிஜமா?"

"சத்தியமா."

பெரில் சின்னக் கருவியைப் பாத்தியில் ஓட்டினாள். பீப். கிளறினாள். வளையம். ஓர் அடி நகர்ந்தாள். பீப். வளையம். திரும்பினாள். பீப், பீப்.

"உங்க மண்ணுல பீரா விளையுது, மிஸ்டர் டட்டில்?"

"போன வாரம்தான் மேடம் சலிச்சுப் போட்டேன்!" டட்டில் தலையைச் சொறிந்தார்.

டென்சில் பெருந்தன்மையோடு பெரிய கருவியை நீட்டினார். அது வளையங்களை மதிக்கவே இல்லை. நேராகப் போய்ப் பழைய பென்னியின் மேல் நின்று மணி அடிப்பதுபோல் இனிமையாக ஒலித்தது. தான் பெற்ற பிள்ளை பரிசு வாங்கியதைப்போல் டென்சில் பூரித்துப்போனார்.

பெரில் ஒரு வளையத்தை எடுத்து மூக்குக் கண்ணாடிக்கு அருகில் வைத்துப் பார்த்தாள்.

"பச்சை வளையம். நீ குடிக்கிற பீர்."

"ஊரே அதைத்தான் குடிக்குது."

"ம்," என்றாள் பெரில்.

வாழ்நாள் முழுக்கக் காப்பீடு விற்றவருக்கு அந்த 'ம்'முக்கு ஒரு காப்பீடு எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"சரி, பெரிசையே எடுத்துக்கறேன்," என்றாள் அவள். 'எடுத்துக்கலாம்' என்று சொல்லவில்லை. அதையும் டென்சில் கவனிக்கவில்லை. அவர் கண்ணுக்குப் பப்பில் ஹொரேஸின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னும் பெரிய நாற்காலி ஒன்று தெரிந்துகொண்டிருந்தது.

வீடு திரும்பும் வழியில் பெரில் மெதுவாகச் சொன்னாள்: "நாளைக்கு எனிட் தர்க்கெட்டிலோட வயலுக்குப் போகலாம். கேட்டுட்டேன், சரின்னுட்டா."

டென்சில் காரையே நிறுத்திவிட்டார். பழைய தேவாலயத்தை ஒட்டிய வயல் அது, பழங்காசு கிடைக்கக்கூடிய இடம். இங்கே உரிமையாளரின் அனுமதி இல்லாமல் யார் நிலத்திலும் காலை வைக்க முடியாது. எனிட் ஆறடி உயரம். அனுமதி கேட்டு வந்தவர்களை எல்லாம் வேலிக்கு அப்பாலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். ஹொரேஸை அவளுடைய நாய் சாலை வரை வழியனுப்பி வைத்த கதை ஊருக்கே தெரியும்.

"எப்படி ஒத்துக்கிட்டா?"

"தேவாலயத்துல பாடறப்போ நானும் அவளும் பக்கத்துல பக்கத்துலதானே நிக்கிறோம்? கேட்டேன். குடுத்தா."

மறுநாள் காலை. பார்லி அறுத்த தாள் வயல் மஞ்சளாகக் கிடந்தது. எனிட் ரப்பர் பூட்ஸுடன் வேலிக்கதவில் சாய்ந்து நின்றாள்.

"வா பெரில். ஒரே ஒரு கருவிதான், சொல்லிட்டேன். கும்பலா வந்து வயலை நாசம் பண்ணக் கூடாது. அனுமதி உனக்குத்தான்." பிறகு டென்சிலை மேலும் கீழும் பார்த்தாள். "இவரு எதுக்கு?"

"தோண்டறதுக்கு," என்றாள் பெரில்.

அவள் கை நீண்டது. டென்சில் கருவியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"பெரில், இது என்னோடது!"

"உன் தேர்வுதான்னு சத்தியம் பண்ணினது யாரு? தேர்ந்தெடுத்தேன். எனக்குத்தான் தேர்ந்தெடுத்தேன்."

"உனக்கு இதை ஓட்டத் தெரியாதே!"

"அதான் விஞ்ஞானமாச்சே. நம்பர் போட்டுக் காட்டும்ல?" குரலைத் தாழ்த்தினாள். "தெரியலேன்னா டட்டில் பாத்தில போய்ப் பழகிட்டு வரேன். அங்கதான் நீ எனக்காகக் கஷ்டப்பட்டு வளையம் நட்டு வச்சிருக்கியே. பாவம், வியாழக்கிழமை பூரா குடிச்ச."

டென்சில் கருவியைக் கொடுத்துவிட்டார். பிறகு சமாதானமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பெரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

அவள் நடந்தாள். அவர் மண்வெட்டியோடு பின்னால் போனார். நின்றாள்; காலால் தட்டிக் காட்டினாள். தோண்டினார். ஆணி. மறுபடி நின்றாள். தோண்டினார். குதிரை லாடம். மனைவிக்குத் தொண்டு செய்யத்தான் வந்தேன் என்று பப்பில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். செய்தது என்னவோ தோண்டுதான். எதிர்க்காற்று வேறு. நிஜமாகவே மண்ணைக் கவ்வினார்.

வயலின் தேவாலய ஓரத்தில் பெரில் சட்டென்று நின்றாள். தட்டவில்லை. குனிந்து கேட்டாள். முகம் மாறிவிட்டது.

"டென்சில், இங்க. மெதுவா."

அவர் மண்டியிட்டுக் கையாலேயே மண்ணை ஒதுக்கினார். மீன் செதிலைப்போல் மெல்லிய ஒரு வெள்ளிக்காசு. ஒருபக்கம் சிலுவை. மறுபக்கம் கிரீடம் வைத்த ஒரு சின்ன முகம், தூக்கத்திலிருந்து எழுந்ததுபோல் அவரையே பார்த்தது. ஏதோ ஒரு ராஜா. ஹொரேஸின் ஊக்கு, பப்பு, நாற்காலி எல்லாம் அந்த நிமிடம் டென்சிலுக்கு மறந்துபோயிற்று. துடைக்கக்கூடத் துணியாமல் காசை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். இத்தனை வருடம் அவர் அலைந்தது இதற்காகத்தான்.

"பெரில்... எவ்வளவு அழகு பாரு," என்றார்.

"அழகாத்தான் இருக்கு," என்று அவளும் பக்கத்தில் மண்டியிட்டாள். பிறகு எழுந்து, "குழியை மூடிடு," என்றாள்.

சாயங்காலத்துக்குள் செய்தி ஊரெங்கும் பரவிவிட்டது. வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஹொரேஸ். டென்சில் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு காலைக் கணப்புத் திட்டின் மேல் வைத்து, வெற்றி பெற்றவரின் தோரணையில் பேசினார்.

"சொல்லு ஹொரேஸ்."

"புதுசா ஒரு கருவி வாங்கலாம்னு இருக்கேன், டென்சில். எது நல்லதுன்னு விஷயம் தெரிஞ்சவங்களைக் கேட்டுத்தானே வாங்கணும்?"

"கண்டிப்பா. கேளு, கேளு."

"பெரில் வீட்ல இருக்காங்களா?"