கதவுக்கு மேலிருந்த கம்பளமும் பதினான்கு பள்ளி சாக்பீஸும்

ஹரார்,
செவ்வாய்க்கிழமை மாலை.

அன்பு மைத்துனர் மிஃப்தாவுக்கு, அத்தான் பெத்ரு எழுதிக்கொள்வது. உன்மீதும் உன் சாக்பீஸ் ஆலைமீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். இங்கு நான் நலம், வலது முழங்கால் மட்டும் நலமில்லை. இதைப் போனில் சொன்னால் நடுவில் கத்துவாய். கடிதத்தைப் படித்துக் கத்தினால் எனக்குக் கேட்காது. நாளைக் காலை விமானத்தில் அடிஸ் வரும் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மழைக்கு முன் ஆர்டர் பிடிக்காவிட்டால் கிடங்கிலுள்ள சாக்பீஸ் எல்லாம் மாவாகிவிடும், ஆலையை மூட வேண்டியதுதான் என்று சொல்லி, முப்பத்து நான்கு வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவனை வியாபாரி ஆக்கி அனுப்பினாய். ஆர்டர் கிடைத்துவிட்டது. பதினான்கு பள்ளிகள், கையெழுத்தும் ஆயிற்று. எப்படிக் கிடைத்தது என்பதில்தான் சின்னச் சிக்கல்.

விமான நிலையத்திலேயே ஆரம்பித்தது. சோதனையில் என் பையைத் திறந்த பெண் வெள்ளைப் பொடியைத் தொட்டுப் பார்த்து "என்ன ஐயா இது?" என்றாள். விற்கக் கொண்டுபோகும் சாக்பீஸ் சாம்பிள் என்றேன். "எழுதிக் காட்டுங்க" என்றாள். சொன்னால் யாரும் நம்புவதில்லை, எழுதிக் காட்டினால் நம்புவார்கள். இது நான் வகுப்பறையில் கண்டது. கறுப்புத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து ஏழாம் வாய்ப்பாடு எழுதினேன். நாலேழு வந்ததும் "போதும் ஐயா" என்றாள். பாதியில் நிறுத்தினால் பிள்ளைகளுக்குப் பதியாது என்று பன்னிரண்டு வரை எழுதினேன். பின்னால் நின்றவர்களில் இரண்டு பேர் விமானத்தை விட்டதாகக் கேள்வி. விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பெல்ட்டைப் பூட்டினேன். அதில் பாதி என்னுடையது, பாதி பக்கத்திலிருந்த அம்மாளுடையது என்பது விமானம் டிரே தாவாவில் இறங்கி அவர் எழுந்தபோதுதான் தெரிந்தது, ஏனென்றால் நானும் கூடவே எழுந்தேன். "வீட்டுல கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்று அவர் கேட்டார்.

அங்கிருந்து காரில் ஹரார் வந்து, பழைய ஊரின் மதிலுக்குள் ரெத்வான் வீட்டைத் தேடினேன். பதினான்கு பள்ளிகளுக்கும் சாமான் வாங்குகிற குழுவின் தலைவர் அவர்தான். இந்த ஊர்ச் சந்துகள் இரண்டாம் வகுப்புப் பிள்ளை போட்ட கோடு மாதிரி, எங்கே தொடங்கினாலும் தொடங்கிய இடத்துக்கே வருகின்றன. தெருவில் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்த தையல்காரர் என்னை மூன்றாம் முறை பார்த்ததும் "சும்மா சுத்துறதுக்கு அளவாவது குடுத்துட்டுப் போங்க, நாலாவது சுத்துல சட்டை ரெடியா இருக்கும்" என்றார். வழியையும் அவரே சொன்னார்.

ரெத்வான் வீட்டுக் கூடத்தில் படிப்படியாகச் சிவப்பு மேடைகள். யார் எந்த மேடையில் உட்காரலாம் என்று முறை இருக்கிறதாம். நான் ஏறியது வீட்டுத் தலைவர் இடம். இறக்கி உட்காரவைத்தார்கள். அந்தச் சங்கடத்தைப் போக்க, வீட்டிலுள்ள ஒரு பொருளைப் புகழ்வோம் என்று பார்த்தேன். கதவுக்கு மேலே ஒரு கம்பளம் சுருட்டி வைத்திருந்தது. "இவ்வளவு அருமையானதை இப்படி மேலேயே வெச்சிருக்கீங்களே, எங்க மச்சினன் கண்ணுல பட்டா இன்னிக்கே இறக்கிக் குடுங்கன்னு கேட்பான்" என்றேன்.

கூடத்திலிருந்த எல்லாரும் கம்பளத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ரெத்வானின் மனைவி முலூக்கா காபித் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மச்சினனுக்கு வயசு என்ன?"

"நாப்பத்தொண்ணு."

"ஏதாவது கெட்ட பழக்கம்?"

"சாக்பீஸ் தூசியால வர்ற தும்மல் மட்டும்தாம்மா."

"வீட்டுல வேற யாரும் இருக்காங்களா?"

"யாரும் இல்ல. அவனும் ஒரு பூனையும்."

கடனுக்குச் சரக்கு கொடுப்பவர்கள்தான் இப்படி விசாரிப்பார்கள், இவர்கள் காசு கொடுத்து வாங்குகிறவர்கள், என்ன பொறுப்பு என்று வியந்தேன். ரெத்வான் கண் கலங்கி ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். பக்கத்து வீட்டார் வந்து குலவையிட்டார்கள். சாக்பீஸுக்கு இத்தனை மரியாதை தரும் ஊரை நான் கண்டதில்லை.

திரும்பும்போது கார் டிரைவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டான். "கதவு மேல கம்பளம் சுருட்டி இருந்தா அந்த வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்குன்னு அர்த்தம் சார். பொண்ணு கேட்டுட்டு வந்திருக்கீங்க."

உடனே திரும்பி ஓடினேன். கதவைத் திறந்தது மகள் ரவ்தா. முப்பத்தாறு வயது, கணக்கு டீச்சர். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சமும் கோபப்படவில்லை. "தெரியும் சார். நீங்க கம்பளத்தத்தான் பார்த்தீங்க. பன்னெண்டு வருஷமா மேலயே கிடக்கு, இந்தச் சாக்குலயாவது இறக்கித் தூசி தட்டலாம்னு சும்மா இருந்தேன்" என்றாள். பிறகு நான் அங்கே வைத்துவிட்டு வந்த சாம்பிள் பெட்டியிலிருந்து ஒரு சாக்பீஸ் எடுத்துச் சுவரில் ஒரு முக்கோணம் போட்டாள். மூன்றாவது பக்கத்தில் உடைந்தது. இன்னொன்று எடுத்தாள், அதுவும் மூன்றாவது பக்கத்தில். "நாப்பது பிள்ளைங்க முன்னால இது உடைஞ்சா சிரிப்பாங்க. செஞ்சவரையே வரச் சொல்லுங்க. வந்து சரியான காரணம் சொன்னா ஆர்டர் நிக்கும், இல்லேன்னா கிழிச்சிடுவேன்" என்றாள். குழுவில் அவளும் இருக்கிறாளாம். இப்படி நேராகப் பேசும் டீச்சரை நான் வேலை பார்த்த எந்தப் பள்ளியிலும் பார்த்ததில்லை.

ஆகவே வியாழக்கிழமை விமானத்தில் நீயே நேரில் வா. யாரையும் அனுப்பாதே, நீதான் வர வேண்டும். சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொள், தும்மலை அடக்கிக்கொள். கல்யாணப் பேச்சுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதை எல்லாரிடமும் விளக்கி முடித்துவிட்டேன். பயப்படாமல் வா.

உன் ஆலைக்கு நல்ல சுண்ணாம்பும் உனக்கு நல்ல தூக்கமும் கிடைக்க வேண்டும் என்று துஆ செய்யும்,
அத்தான் பெத்ரு.

பி.கு.: எல்லாரிடமும் என்று எழுதியது ரவ்தாவிடம் மட்டும். அவள் அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. மனிதர் பலகாரம் பண்ணச் சொல்லிவிட்டார். இக்கடிதத்தை உன் அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். முக்கோணம் வரைக்கும்தான் கேட்டாள். அடுத்த அரை மணியில் வியாழக்கிழமை விமானத்தில் நம் பெரியவர்கள் பதினொரு பேருக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். பெண் கேட்கப் போகும்போது மாப்பிள்ளை கூட வருவது முறையில்லையாம். ஆகையால் நீ வர வேண்டாம். ஆலையிலேயே இருந்து சாக்பீஸ் ஏன் உடைகிறது என்று பார். ரவ்தாவிடமும் இதைச் சொல்லிவிட்டேன், அந்தக் காரணத்தை அவள் கல்யாணத்துக்குப் பிறகு கேட்டுக்கொள்கிறாளாம்.