பர்னிச்சருக்கு எஸ் கிடையாது

இருபத்தெட்டு வயதில் நான் சகிக்க முடியாத ஆசாமி. வங்கியில் ஆபீசர் வேலை, தலையில் கொஞ்சம் ஆங்கில இலக்கணம். இரண்டும் சேர்ந்தால் ஒருவன் எவ்வளவு அசடாக முடியும் என்பதற்கு நானே சாட்சி.

பெண் பார்க்க பவானிபூர் போனோம். அப்பா, அம்மா, தம்பி முரளி, நான். பெண்ணின் அப்பா ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். பெருமையாக நாற்காலியைத் தட்டினார்.

“இந்த பர்னிச்சர்ஸ் எல்லாம் பர்மா தேக்கு.”

“பர்னிச்சருக்கு எஸ் கிடையாது மாமா. எண்ண முடியாத சொல்” என்றேன். (நாலு நாற்காலியும் என் கண்ணெதிரே எண்ணும்படியாகத்தான் இருந்தன.)

அம்மா என் முழங்காலைக் கிள்ளினாள். மாமா பேச்சை மாற்றினார். “கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸ்ல இருந்தப்போ எத்தனை லக்கேஜஸ் பார்த்திருக்கேன்!”

“லக்கேஜுக்கும் கிடையாது.”

மாமா நாற்காலியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். முப்பது வருஷம் அந்தச் சொல்லில் சம்பளம் வாங்கியவர். எனக்கோ உள்ளுக்குள் ஒரே பூரிப்பு. மூடன்!

வசுதா வந்தாள். பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது. கேட்காமலே ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்: “ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் இஸ் இன் லண்டன்...”

“ஃப்ரெண்ட்ஸ்” என்றாள் அவள், அமைதியாக. “அதுக்கு எஸ் உண்டு. எண்ணக்கூடிய சொல்தான். இல்லே, உங்களுக்கு நிஜமாவே ஒருத்தர்தானா?”

முதலில் சிரித்தது என் அப்பா. முரளி தின்றுகொண்டிருந்த சந்தேஷ் இனிப்பு புரையேறி இருமினான். வசுதா தண்ணீர் கொடுத்தாள். இருவரும் பெங்காலியில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். நான் அடுத்த வாக்கியத்தை மனசுக்குள் திருத்திக்கொண்டிருந்தேன். அது கடைசிவரை வெளியே வரவில்லை.

ஒரு வாரம் கழித்து மாமா போன் பண்ணினார். “வசுதா, பெரியவர் வேண்டாம்ங்கறா. தப்பா நினைச்சுக்காதேள், சின்னவருக்குக் கல்யாணம் பண்ற உத்தேசம் உண்டா?”

உண்டாம். முரளி கேள்வி முடியும் முன்பே தலையாட்டினான். கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்தக்கூட என்னைக் கூப்பிடவில்லை.

இப்போது அவர்கள் லேக் கார்டன்ஸில் இருக்கிறார்கள். நான் போய் பெல் அடித்தால், கதவு திறக்கும் முன்பே உள்ளேயிருந்து அவர்கள் பெண்ணின் குரல் கேட்கும்:

“அம்மா, பெரியப்பா வந்தாச்சு! எஸ்ஸெல்லாம் எடுத்து ஒளிச்சு வை!”