பதினேழாம் எண் வீட்டில் வேலை செய்தது யார்?

ஆராய்ச்சி செய்யும் அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நானும் உன் பெரியம்மாவும் நலம். உன் நலத்தையும், உன் மனையியல் ஆராய்ச்சியின் நலத்தையும் அறிய ஆவல். பின்னதைக் கெடுத்தவன் நான் என்பதால் ஆவல் கொஞ்சம் அதிகம்.

நேற்று நீ போனில், "பெரியப்பா, நாப்பது வீட்டுல ஒரே ஒரு வீடு, பதினேழாம் நம்பர், அங்க ரிட்டையரான மனுஷர் ஒருத்தர் தினம் ஒன்பது மணி நேரம் வீட்டு வேலை செய்யறார், அந்தம்மா முழு ஓய்வு! எங்க பேராசிரியை அசந்துட்டாங்க, அவரைப் பத்தித் தனி அத்தியாயமே எழுதச் சொல்லிட்டாங்க" என்று குதித்தாய். நானும் "பலே, இப்படியும் ஒரு மனுஷனா!" என்றேன். போனை வைத்த பிறகுதான், நீ எங்களுக்குத் தந்த இரண்டு நோட்டுகளின் அட்டையிலும் பதினேழு என்று போட்டிருந்தது நினைவுக்கு வந்தது. வியர்த்துவிட்டது. அந்த மகான் நான்தான்.

பொய் எழுதவில்லை, சத்தியம். ஒரு வாரம், ஆளுக்கொரு நோட்டில், அரை மணிக்கு ஒரு முறை நடந்ததை எழுதச் சொன்னாய். முப்பது வருஷம் அலுவலகக் குறிப்பு எழுதிய கை. "காய் நறுக்கியாயிற்று", "பாத்திரம் துலக்கியாயிற்று", "துணி உலர்த்தியாயிற்று" என்று அச்சுப்போல் எழுதினேன். யார் நறுக்கினார், யார் துலக்கினார் என்று எழுதத் தோன்றவில்லை. எங்கள் அலுவலகத்தில் யாரும் எதையும் செய்ததில்லை, எல்லாம் தானாக ஆகிவிடும், அந்தப் பழக்கம். உன் பெரியம்மாவின் நோட்டோ காலி. அவளுக்கு எழுத நேரம் ஏது? நான் சமையலறை வாசலில் நின்று "இப்ப என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததற்குப் பதில் சொல்லவே அவளுக்குச் சரியாக இருந்தது. யார் வீடென்று தெரியக்கூடாதென்று நீ பேர் போடாமல் எண்ணும், கணவர், மனைவி என்பதும் மட்டும் போட்டாய். நோட்டுகளைப் படித்துப் பட்டியலிட்ட உன் தோழி, என் நோட்டில் இருந்ததையெல்லாம் என் தலையில் கட்டி, வெற்று நோட்டுக்கு ஓய்வு என்று போட்டுவிட்டாள். அவள் மேல் தப்பே இல்லை.

பெரியம்மாவிடம் சொன்னேன். அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என் பேருல என்ன போட்டிருக்கு?"

"ஓய்வு."

"ஏழு நாளுமா?"

"ஏழு நாளும்."

சிரித்தாள் பார், அப்படி ஒரு சிரிப்பு. சிரித்து முடித்து மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. கலியாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று நான் உற்றுப் பார்த்தது அந்த ஒரு வாரம்தான். அதையும் என் பேரில் எழுதிக்கொண்டேன். வருத்தமாக இருக்கிறதம்மா. உதவலாமென்று அவள் கையிலிருந்த அடுப்புத் துணியை வாங்கப் போனேன். "நீங்க நகருங்க, அதுவே பெரிய உதவி" என்றாள்.

ஆகையால், அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுக்குமுன் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு. ஒன்பது மணி நேரத்தையும் அவள் பேருக்கு மாற்று. பேராசிரியையிடம் நானே வந்து மன்னிப்புக் கேட்கிறேன். என் நோட்டால் உன் பட்டம் தள்ளிப்போனால் எனக்குச் சோறு இறங்காது. உன் அப்பாவிடம் மட்டும் சொல்லாதே, கேலி செய்தே என்னைத் தீர்த்துவிடுவான்.

எங்கள் இருவர் ஆசியும் உன் கூடவே இருக்கும்.

பெரியப்பா

பி.கு.: கடிதத்தைப் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எதையும் மாத்த வேண்டாம்னு சொல்லுங்க. ஒரு புத்தகத்துலயாவது நான் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்னு இருக்கட்டுமே."