இரண்டு பனையும் சவிரிமுத்து அண்ணையின் நண்டும்

வாழ்க்கையில் ஒரேயொரு முறை திருடியிருக்கிறேன். அதுவும் பட்டப்பகலில், கடலில், மிகுந்த பெருமையோடு. (திருடுகிறேன் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.)

அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். நான் கரம்பொன்னில் பிறந்து, அலுவலகக் கதிரையில் இருந்து கோப்புப் பார்க்கிறவன். மனைவி றெஜினா அல்லைப்பிட்டியில் கடற்றொழில் குடும்பத்துப் பெண். அவர்கள் வீட்டிலேயே குடியிருந்தோம். அவளுடைய அப்பா, என் மாமா, நாற்பது வருடம் கடலில் நின்றவர். மற்றவன் வலையை அந்தோனி தொடமாட்டான் என்று கரை முழுவதும் சொல்லும். அந்தப் பெயர்தான் அவருடைய சொத்து.

ஒருநாள் அவர் நண்டு வலையை விரித்துவிட்டு வந்த கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. வெண்புரையை அகற்றி, கண்ணுக்கு மூடி ஒட்டி, கடல் பக்கமே போகக்கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். வலை கடலில் கிடந்தது. நான் போகிறேன் என்றேன். ஆழமில்லாத பரவைக்கடல், கம்பு ஊன்றி வள்ளம் தள்ள எனக்கும் தெரியும். மாமனாரிடம் நல்ல பெயர் வாங்க இதைவிட்டால் சந்தர்ப்பம் கிடையாது.

வலையிருக்கும் இடத்தைக் கரையைப் பார்த்துத்தான் பிடிக்கவேண்டும். மாதா கோயில் சிலுவையும் கரையில் நிற்கும் ஒற்றைப் பனையும் ஒரே கோட்டில் வந்தால், அந்தக் கோட்டை விடாமல் போக, வலைக்கு அடையாளமாக நட்ட மாமாவின் கொடி வரும். இவ்வளவுதான் பாடம்.

வள்ளத்தைத் தள்ளிக்கொண்டுபோய்த் திரும்பிப் பார்த்தேன். கரையில் இரண்டு பனை நின்றது. பாவம் மாமா, வெண்புரையால் இரண்டு பனையை ஒன்றாகக் கண்டுகொண்டே இவ்வளவு காலம் தொழில் செய்திருக்கிறார் என்று மனதார இரக்கப்பட்டேன். (அப்படிப்பட்ட மருமகன் நான்.) இரண்டில் வடிவான பனையைத் தெரிவுசெய்து சிலுவையோடு சேர்த்தேன். சிலுவைக்குப் பக்கத்திலும் மங்கலாக இன்னொரு சிலுவை தெரிந்தது. அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

சொன்னபடி ஒரு கொடி வந்தது. கிழிந்து தொங்கியது. என் மாமாவின் கொடி இப்படி இருக்கலாமா என்று, றெஜினா என் பெயரின் முதலெழுத்தைத் தைத்துத் தந்த கைலேஞ்சியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, அவிழாதபடி அதில் கட்டினேன். பிறகு வலையை இழுத்து, நண்டு கழற்றத் தெரியாமல் வலையில் பாதியைப் பிய்த்து, பத்து விரலிலும் கடி வாங்கி, வெற்றியோடு கரைக்கு வந்தேன்.

மாமாவுக்கு ஒற்றைக் கண்ணிலேயே சந்தோசம் பொங்கியது. முதல் உழைப்பைப் பங்கிடவேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். இருப்பதில் பெரிய நண்டுகளாகப் பொறுக்கித் தன் சினேகிதர் சவிரிமுத்து அண்ணைக்குக் கொடுத்துவிட்டார்.

பின்னேரம் சவிரிமுத்து அண்ணை வந்தார். ஒரு கையில் நாங்கள் அனுப்பிய நண்டுச் சட்டி. மற்றக் கையில் என் கைலேஞ்சி.

"என்ரை நண்டை எனக்கே பங்கு அனுப்பியிருக்கிறாய், அந்தோனி" என்றார்.

மாமா கைலேஞ்சியைப் பார்த்தார். மெதுவாகக் கதிரையை விட்டு எழும்பினார். "பிழை என்னிலைதான். நான்தான் அனுப்பினனான்." அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. நாற்பது வருடப் பெயர் என்னால் முற்றத்தில் தலைகுனிந்து நின்றது. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் வாயைத் திறந்தேன்.

"மாமா பனையைப் பிழையாச் சொல்லிப்போட்டார். அங்கை ரெண்டு பனை நிக்குது."

சட்டிக்குள் நண்டுகூட அசையவில்லை. றெஜினா என் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிப்போனாள். தன் உள்ளங்கையால் என் ஒரு கண்ணை மூடினாள்.

"எத்தினை?"

"ரெண்டு."

மற்றக் கண்ணை மூடினாள். "இப்ப?"

"ரெண்டரை."

"ஒண்டுதான் நிக்குது" என்றாள்.

என் கண்ணில் பிழை இருப்பது எனக்குத் தெரியாமலில்லை; அது பனையையும் இரண்டாக்கும் என்றுதான் நினைக்கவில்லை. எழுத்துக்குப் பின்னால் நிழல் எழுத்து நிற்கத் தொடங்கி, எதிரே வரும் வாகன விளக்குகள் வால் முளைத்துச் சிதறத் தொடங்கி வருடக்கணக்கு. மூக்குக்கண்ணாடியை மூன்றுதரம் மாற்றியும் பயனில்லை. மாப்பிள்ளைக்குக் கண் பிழை என்றால் சம்பந்தம் குழம்பிவிடும் என்ற பயத்தில் வாய் திறக்கவில்லை. அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

"அப்பவே சொல்லியிருந்தாலும் நான் ஓமெண்டுதான் சொல்லியிருப்பன்" என்றாள். எனக்கு அழுகை வந்தது. பனை நாலாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மாமாவுக்கும் சவிரிமுத்து அண்ணைக்கும் முன்னாலும் சொன்னேன். மாமா தன் கண் மூடியைத் தொட்டார். "என்ரை கண்ணிலை கிடந்ததை நான் எடுப்பிச்சுப்போட்டன். நீர் உம்மடையதை ஒளிச்சு வைச்சிருக்கிறீர்" என்றார். பிறகு, "திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானும் வாறன்" என்றார். இன்னும் கடலில் கிடந்த தன் வலையின் நண்டு முழுவதையும் சவிரிமுத்து அண்ணையே எடுக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். நான் பிய்த்த வலையை றெஜினா பொத்திக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை யாழ்ப்பாணம் போனோம். வந்த பஸ்ஸின் பெயர்ப்பலகை எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. றெஜினா நடுவில் நின்று இருவரையும் ஏற்றினாள்.

வைத்தியர் என் கண்ணைப் படமெடுத்துக் காட்டினார். கருவிழிக்கு முன்னாலுள்ள கண்ணாடி போன்ற படலம் பந்துபோல ஒரே சீராக வளைந்திருக்கவேண்டுமாம். என்னுடையது மெலிந்து கூம்புபோல முன்தள்ளியிருந்தது. மேடுபள்ளமான படலத்தில் நுழையும் வெளிச்சம் ஓரிடத்தில் குவியாமல் சிதறுவதால்தான் ஒன்று இரண்டாகத் தெரிகிறது. மூக்குக்கண்ணாடியால் அந்த மேடுபள்ளத்தை நிரப்ப ஏலாது. கண்ணிலேயே வைக்கும் ஒரு கடினமான வில்லையும் அதற்கடியில் தங்கும் கண்ணீரும் சேர்ந்துதான் அதைச் சமன்செய்யும். "கண்ணைக் கசக்கிற பழக்கத்தையும் விடுங்கோ, கூம்பு கூடும்" என்றார். மாமா ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினார்.

வில்லை போட்ட அன்று நேரே கரைக்குப் போனேன். ஒரேயொரு பனை, ஓலை ஓலையாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற றெஜினாவைத் திரும்பிப் பார்த்தேன். அவளுடைய இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு. எட்டு மாதத்துக்கு மேல் அவளோடு வாழ்ந்தும் அதை நான் கண்டதில்லை. தொட்டுப் பார்த்தேன்.

"ஒண்டுதான் இருக்கிறன். வடிவாப் பாருங்கோ" என்றாள்.

அதெல்லாம் நடந்து பல வருடமாகிறது. சவிரிமுத்து அண்ணை இப்போதும் எங்கள் வீட்டுக்கு நண்டு கொண்டுவருவார். குசினியில் கறி கொதிக்கும்போதே மாமா சிரிக்கத் தொடங்கிவிடுவார். எல்லோருடைய சோற்றுக் கோப்பையிலும் இரண்டு நண்டு விழும். என் கோப்பையில் மட்டும் ஒன்று.

"அவருக்கு அது காணும்" என்பார் மாமா. "அவர் ரெண்டாச் சாப்பிடுவார்."