தலைமையாசிரியையின் கணவனுக்கு விடுப்பு இல்லை

குற்றாலம்
17-7-1963

மதிப்பிற்குரிய தாணுமாலயன் அத்தான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை குழல்வாய்மொழியின் கணவன் பால்வண்ணநாதன் பணிந்து எழுதிக்கொண்டது. இங்கே நான், தங்கள் தங்கை, பாப்பா தங்கபுஷ்பம் மூவரும் உடம்பளவில் சுகம். மற்ற அளவில் எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன். நாகர்கோவிலில் தாங்களும் அக்காவும் குழந்தைகளும் எல்லா அளவிலும் சுகமாக இருக்க இலஞ்சி முருகனை வேண்டுகிறேன்.

தங்கள் மகளின் காதுகுத்துக்கு நான் வராததில் தங்களுக்குக் கோபம் இருக்கும். காரணம், எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. கொடுக்காதது தங்கள் தங்கை. நானும் அவளும் ஒரே ஆரம்பப் பள்ளியில் வேலை பார்ப்பது தங்களுக்குத் தெரியும். பெரிய வாத்தியார் ஓய்வு பெற்றதும், சர்வீஸில் மூத்தவள் என்று இந்த ஜூன் முதல் அவளைத் தலைமையாசிரியை ஆக்கிவிட்டார்கள். நான் எப்போதும்போல மூன்றாம் வகுப்பு. விடுப்பு விண்ணப்பத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “இன்ஸ்பெக்சன் நேரத்துல சொந்தக் காரணத்துக்கு லீவு தர முடியாது சார்” என்றாள். “காதுகுத்து ஒங்க அண்ணன் மகளுக்கு. எனக்கு எப்படி டீச்சர் சொந்தக் காரணமாகும்?” என்றேன். “ஒங்களுக்குச் சொந்தமில்லாத விசேசத்துக்கு எதுக்கு சார் லீவு?” என்று அடுத்த தாளை எடுத்துவிட்டாள். அவளும் வரவில்லை என்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். தனக்கும் லீவு கொடுத்துக்கொள்ளவில்லை.

இத்தோடு போயிருந்தால் தங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். இன்ஸ்பெக்டர் வந்தார். ஊருக்குப் புதியவர், எங்கள் உறவு அவருக்குத் தெரியாது. அவர் என் வகுப்பில் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தபோது, பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுச் சைதூன் பீவி மழையில் நனைந்தபடி வந்து, “வாத்தியாரய்யா, புள்ள அழுகைய நிறுத்த மாட்டேங்கு, எனக்கும் தென்காசிக்கு போவணும்” என்று என் இடுப்பில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பாப்பா உடனே அழுகையை நிறுத்தி, இன்ஸ்பெக்டரின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியது. “இது யார் குழந்தை?” என்று அவர் தலைமையாசிரியையைக் கேட்டார். அவள் கொஞ்சமும் தயங்காமல், “மூணாம் வகுப்பு சாரோட குழந்தைங்கய்யா” என்றாள். பொய் என்றும் சொல்ல முடியாது. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “அம்மா இல்லையா?” என்றார். “இருக்கா அய்யா. வேலைக்குப் போயிருக்கா” என்றேன். அதற்குள் பாப்பா அவளைப் பார்த்துக் கையை நீட்டி ‘ம்மா’ என்றது. “பாவம், எந்தப் பொம்பளையப் பாத்தாலும் அம்மாங்குது” என்று இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் துடைத்தார். அவள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஐந்தாம் வகுப்பின் பூகோளப் படங்களைக் காட்ட அவரை அழைத்துப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் எனக்கு மெமோ. வகுப்பு நேரத்தில் கைக்குழந்தையை வைத்திருந்ததற்கு விளக்கம் தர வேண்டுமாம். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, சாரலில் ஒரே குடையில் இருவரும் வீட்டுக்கு நடந்தோம். குடையை அவள்தான் பிடித்தாள், என் பக்கமே அதிகமாகச் சாய்த்தும் பிடித்தாள். வீட்டில் கேட்டால், “அது பள்ளிக்கூட விசயம், இங்கன பேசப்பிடாது” என்கிறாள். பள்ளிக்கூடத்தில் கேட்டால் வீட்டு விஷயமாம். நான் எங்கேதான் அத்தான் பேசுவது? ‘குழந்தையின் தாயார் பணியில் இருந்தபடியால்’ என்று விளக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒற்றுப்பிழை இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஆகவே பக்கத்து ஊரான அச்சன்புதூருக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதையும் அவள்தான் மேலே அனுப்ப வேண்டும். அனுப்பாமல் மேசையில் வைத்திருக்கிறாள். தாங்கள் ஒருமுறை நேரில் வந்து, ஒன்று மாற்றல் கொடு, அல்லது வேலையை விடு என்று தங்கைக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது. தாங்கள் சொன்னால் கேட்பாள்.

அக்காவுக்கு என் வணக்கம். காது குத்திக்கொண்ட மருமகளுக்குப் புண் சீக்கிரம் ஆறி, காதும் கழுத்தும் நிறைந்து வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பால்வண்ணநாதன்,
உதவி ஆசிரியர்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் இன்று என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். என் விண்ணப்பம் கையில் இருந்தது. “பாப்பா தேடும்” என்றாள். “சாயங்காலம் வந்திருவேம்லா” என்றேன். “மூணாம் வகுப்புப் பிள்ளைகளும் தேடும்” என்றாள். “வேற வாத்தியார் வருவாரு” என்றேன். மைக்கூட்டின் மூடியைத் திறந்து மூடினாள். “அப்புறம் நான் யாருக்கு மெமோ குடுக்கது?” என்றாள். சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. விண்ணப்பத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன். எனவே தாங்கள் எதுவும் சொல்ல வர வேண்டாம். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனமில்லாமல்தான் அனுப்புகிறேன். முதல் பக்கத்தைப் படித்த வேகத்தில் அக்கா பெட்டி கட்டியிருந்தால் அவிழ்க்க வேண்டாம். ஐந்தருவியில் நல்ல தண்ணீர் விழுகிறது. குளிக்க வந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.