தவணை தாண்டிய கத்தரிக்காய்

"ஞாயித்துக்கிழமை கொத்தனாரோட வர்றேன். ஒரு கூடை காய் காட்டு, கார் ஷெட் பேச்சையே விட்டுடறேன். இல்லேன்னா தளம் போட்டுடுவேன், ஆமா!" என்று சொல்லிவிட்டு அண்ணன் போனை வைத்தார்.

லைப்ரரியம்மா தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். செடி இருந்தது, கொடி இருந்தது. பேருக்குக்கூட ஒரு காய் இல்லை.

அப்பா இரண்டு பிள்ளைகள் பேருக்கும் சேர்த்து விட்டுப்போன கொல்லைப்புறம் அது. பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் அண்ணனுக்குக் கார் உண்டு, நிறுத்த இடமில்லை. ஓட்டைத் தொட்டியும் முள்ளுமாகக் கிடந்த இடத்தை, நூலக வேலை போக மிச்ச நேரமெல்லாம் கொத்தி, கல் பொறுக்கித் தோட்டமாக்கியவர் தங்கை. அதுவும் எப்படி? அகர வரிசைப்படி! அவரையில் தொடங்கி வெண்டையில் முடியும். பாத்திக்குப் பாத்தி பெயர்ச்சீட்டு. பூசணிக்கு அடுத்தது மிளகாய். பூசணிக்கொடி மிளகாய்ச் செடிமேல் சட்டமாக ஏறி உட்கார்ந்துகொண்டது.

"இடத்தை மாத்தி நட்டா என்னம்மா?" என்றார் எதிர்வீட்டுத் தையற்காரர்.

"வரிசை கலைஞ்சா, அப்புறம் தேடினது கிடைக்குமா?"

ஆனாலும் விளைச்சலோ விளைச்சல்! தெருவே வந்து கேட்டது. சும்மா தூக்கிக் கொடுக்க நூலகருக்கு மனசு வருமா? பின்வாசலில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, அதில் நூலால் பென்சிலைக் கட்டினார். காய் எடுக்கலாம், பெயரை எழுத வேண்டும், பதினைந்து நாளில் வேறு காயாகத் திருப்ப வேண்டும். பகலெல்லாம் அவர் நூலகத்தில். வந்தவர்கள் பறித்தார்கள், எழுதினார்கள், போனார்கள். நான்கே மாதத்தில் நோட்டு நிரம்பிவிட்டது. லைப்ரரியம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. நூலகத்தில்கூட இப்படி ஒரு கூட்டத்தை அவர் பார்த்ததில்லை!

ஒரே ஒரு உறுத்தல். 'ஒரு வாசகி' என்று மொட்டையாக எழுதிவிட்டு யாரோ முப்பத்தொரு தடவை காய் எடுத்திருந்தார்கள். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

இப்போது கூடையை எதைக் கொண்டு நிரப்புவது? பெயர் எழுதிய பதினோரு வீட்டுக்கும் நோட்டீஸ் பறந்தது: 'தவணை தாண்டிய காய்களை ஞாயிறு காலைக்குள் ஒப்படைக்கவும்.'

முதல் ஆளாகத் தையற்காரர் வந்தார், மூடி போட்ட பாத்திரத்தோடு.

"மூணு கத்தரிக்காய்ம்மா. கடையில வாங்கி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு வதக்கியே கொண்டுவந்துட்டேன்."

"ஐயோ, எனக்குப் பச்சையால்ல வேணும்!"

"நோட்டீஸ்ல அப்படிப் போடலையே?"

போடவில்லைதான். மற்ற பத்து வீட்டுக்காரர்களும் அதே நல்லெண்ணத்தோடு அடுப்பை மூட்டியிருந்தார்கள். அண்ணனும் அண்ணியும் கொத்தனாரும் உள்ளே வந்தபோது மேஜை நிறையப் பாத்திரம் இருந்தது, கூடை காலியாக இருந்தது.

"காய் எங்கே?"

லைப்ரரியம்மா தலை நிமிர்ந்து நோட்டை நீட்டினார். "இதுல இருக்குண்ணா. இந்தத் தெருவே நம்ம தோட்டத்துல சாப்பிட்டிருக்கு. படிச்சுப் பாரு."

"நோட்டைப் பொரிச்சுத் திங்கவா?" என்ற அண்ணன், தையற்காரர் பாத்திரத்தைத் திறந்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். முகம் கோணியது. "சப்புனு இருக்கு. உங்க அண்ணி நாலு மாசமா எங்க தெருமுனைக் கடையில வாங்கிட்டு வர்றா பாரு, அதான் காய்! வெண்ணெய் மாதிரி வேகுது. அப்படி ஒரு காய் உன்னால விளைய வைக்க முடியுமா? முடியும்னா சொல்லு, இந்த நிமிஷமே கொத்தனாரைத் திருப்பி அனுப்பிடறேன்."

காய்கறி வாங்க இந்த ஜென்மத்தில் வீட்டுப்படி இறங்காத மனிதர் அவர். லைப்ரரியம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கொத்தனார் அளவு நாடாவை உருவினார்.

அண்ணி நோட்டை வாங்கிப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"கொத்தனாரே, நீங்க கிளம்புங்க" என்றவர், புருஷன் பக்கம் திரும்பினார். "இங்க 'ஒரு வாசகி'ன்னு முப்பத்தொரு எடத்துல இருக்கு பாருங்க, அத்தனையும் நான்தான். நம்ம தெருமுனையில ஏதுங்க காய்க்கடை?"