அருமைத் தம்பதியும் மேய்ப்பர் குடிலும்

குறை சொல்லியே உயிர்வாழும் மனிதர்களைப் பற்றி ஏகப்பட்ட பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்லப்போவது அதற்கு நேர் எதிரான, அதைவிட ஆபத்தான ஓர் இனம்: அருமைத் தம்பதி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லண்டனிலிருந்து காரில் வந்து, எங்கள் ஷ்ராப்ஷயர் பண்ணையில் புத்தம்புதிய ரப்பர் பூட்ஸுடன் இறங்குவார்கள். ஒரு கால் முழங்கால்வரை சேற்றில் புதையும். "அருமை!" என்பார்கள்.

எங்கள் மேய்ப்பர் குடில் நான்கு இரும்புச் சக்கரங்களின் மேல் நிற்கும் ஒரு தகரப் பெட்டி. அந்தக் காலத்தில் ஆடுகள் குட்டி போடும் பருவத்தில் மேய்ப்பன் இதற்குள் தனியாக முடங்கிக் கிடந்து, எப்போதடா வீட்டுக்குப் போவோம் என்று தவித்திருப்பான். நானும் என் கணவர் ட்ரெவரும் அதற்குப் பச்சை வண்ணம் அடித்து, விறகடுப்பும் இறகு மெத்தையும் வைத்து, வெளியே புல்வெளியில் ஒரு செம்புக் குளியல் தொட்டியையும் போட்டோம். இப்போது மூன்று மாதத்துக்கு முன்பே பதிவு செய்தால்தான் இடம் கிடைக்கும்.

அடுப்பு புகைந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஆஹா, என்ன வாசனை!" என்பார் கணவர். தொட்டியில் மனைவி கழுத்தளவு வெந்நீரில் கிடக்க, வேலிக்கு அப்பால் நாற்பது ஆடுகள் வரிசையாக நின்று அசைபோட்டபடி கண்கொட்டாமல் அவரைப் பார்க்க, போதாக்குறைக்கு மழையும் பிடித்துக்கொள்ள, அவரும் "அருமை!" என்பார். குடை பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய், தண்ணீருக்குப் பதில் மரத்தூளை அள்ளிப் போட்டுவிட்டு வந்து என்ன சொல்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? அதேதான். யாருக்காக? மனைவிக்குப் பிடித்திருக்கிறதே என்று கணவர். கணவருக்குப் பிடித்திருக்கிறதே என்று மனைவி.

போன ஏப்ரலில் டங்கன், பிலிப்பா என்று ஒரு ஜோடி தங்கள் பதினாலாவது கல்யாண நாளுக்காக வந்தது. டங்கன் ஆறடி நாலங்குலம். குடிலின் கூரை ஆறடி. சனிக்கிழமை மதியம் மனிதர் என் சமையலறைக் கதவைத் தட்டினார்.

"ஹெட்டி, ஒரு பத்து நிமிஷம் இங்க நேரா நின்னுக்கட்டுமா?"

நின்றார். முதுகு சடசடவென்று நெட்டி முறிந்தது.

"குடில் வசதிப்படலையா?" என்றேன்.

"ஐயோ, அருமையா இருக்கு! பிலிப்பாவுக்கு அது உயிர். நான் வந்தேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க."

மறுபடி கதவு தட்டும் சத்தம். ஜன்னலில் மனைவியின் தலை தெரிந்ததுதான் தாமதம், டங்கன் சாமான் அறைக்குள் பாய்ந்துவிட்டார். பிலிப்பா துண்டும் சோப்புமாக உள்ளே வந்தார்.

"நாலு சுவருக்குள்ள ஒரே ஒரு தடவை குளிச்சுக்கட்டுமா, ஹெட்டி? டங்கன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க." சொன்னவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். "நாங்க மனசு விட்டுப் பேசியே பல வருஷமாச்சு. இங்க வந்தாவது பேசுவோம்னு நினைச்சேன். இங்கயும் மாத்தி மாத்தி அருமை, அருமைன்னுதான் சொல்லிக்கிறோம். திங்கட்கிழமை எங்க அக்கா வீட்டுக்குப் போயிடப் போறேன். திரும்பி வர்றதா இல்லை."

எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. சாமான் அறைக்குள் ஏதோ உருண்டது. கதவைத் திறந்துகொண்டு, தலையெல்லாம் மாவாக டங்கன் வெளியே வந்தார்.

"எனக்கும் பிடிக்கல!"

"எது? என்னையா?"

"குடில், பிலிப்பா, குடில்! அந்த மரத்தூளைப் பார்த்தாலே அழுகை வருது!"

"அப்ப ஏன் சொல்லல?"

"நீதானே அருமைன்ன!"

"நீ சொன்னியேன்னு நான் சொன்னேன்!"

உண்மை ஒருமுறை வாயைத் திறந்துவிட்டால் லேசில் மூடுகிறதா?

"வியாழக்கிழமை தோறும் ஈரல் வறுக்கிறியே, அதுவும் எனக்குப் பிடிக்காது. பதினாலு வருஷமா."

பிலிப்பா அவரை வெறித்துப் பார்த்தார். "அடப்பாவி! மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உனக்காகத்தானே அதைச் செய்யறேன்!"

அவ்வளவுதான். முதலில் டங்கன் சிரித்தார், பிறகு பிலிப்பா, பிறகு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். என் மேஜையில் ரொட்டியும் பீன்ஸும் தின்றுகொண்டு இருட்டும்வரை சண்டை போட்டார்கள். அக்கா வீட்டுப் பேச்சை அப்புறம் பிலிப்பா எடுக்கவே இல்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அந்த உற்சாகத்தில் இரவுச் சாப்பாட்டின்போது என் கணவரைக் கேட்டேன்: "ட்ரெவர், உண்மையைச் சொல்லு. என் சூப் உனக்குப் பிடிக்குமா?"

கரண்டி பாதி வழியில் நின்றது. "ஆடுங்களைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போனவர் ஒரு மணி நேரம் வரவில்லை.

நீங்கள் அந்த இனமில்லை, தெரியும். இதை இப்போது உங்கள் துணைக்குப் படித்துக் காட்டப் போகிறீர்கள், அவரும் சிரிக்கப் போகிறார். நிஜமாகவே சிரிப்பு வந்ததா, இல்லை, பாவம், இவ்வளவு ஆசையாகப் படிக்கிறீர்களே என்று சிரித்தாரா? கேட்டுத்தான் பாருங்களேன்.